தகரக் கொட்டகைக்குப் போகும் ரோடுகள்

என் தங்கச்சி வீட்டுக்காரன் சென்னியப்பன் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி வந்த வெள்ளிக்கிழமை காலையில், அவன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் வைத்த மாத்திரத்தில், கல்லாங்காட்டுப்பாளையத்து ரோடுகள் எல்லாம், தார் ரோடு, சிமெண்ட் ரோடு, வண்டித் தடம், ஆடு நடந்து உண்டான ஒற்றையடித் தடம் என்று ஒன்று பாக்கியில்லாமல், ஊருக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தகரக் கொட்டகைக்குத் திரும்பிக்கொண்டன. சத்தம் எதுவும் கேட்கவில்லை, புழுதிகூடக் கிளம்பவில்லை. ரேஷன் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போன பெண்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள், மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கூடையோடு போன பூசாரி கொட்டகை வாசலில் நின்றார், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நின்றார்கள், பிள்ளைகளைத் தேடிப் போன வாத்தியார் நின்றார். கடைசியில் தோளில் ஒரு துணிப்பையோடு சென்னியப்பனும் வந்து அங்கேயே நின்றான். அவனும் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பியிருந்தான்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் பூமியில் துளை போட்டுப் பிழைக்கிறவர்கள். தண்ணீர் இல்லாத சீமை எதுவானாலும் எங்கள் ரிக் வண்டிகள் போகும், ஆழ்குழாய்க் கிணறு போடும், மழைக்காலம் வந்தால் ஊர் திரும்பும். ஆயிரம் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. பாறை வந்தால் பாறை, களிமண் வந்தால் களிமண், துளைக்குள் இறக்குகிற அடுத்த இரும்பு ராடை மாட்டு என்று போய்க்கொண்டே இருப்போம். அதனால் ஒரு காரியம் ஏன் நடந்தது என்று உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ரோடு கொட்டகைக்குப் போகிறதா, சரி, கொட்டகை வழியாகப் போவோம் என்றுதான் ஊர் நினைத்தது.

ஏன் என்று யோசித்தவன் நான் ஒருத்தன்தான். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அது வண்டி ஊர் திரும்பினால் நிறுத்துகிற கொட்டகை. உள்ளே கிடக்கிற பழைய காற்றுக் கம்ப்ரசருக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தி உட்காருகிற அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. இரண்டு வருஷமாகச் சென்னியப்பன் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த இடுக்கில் உட்கார்ந்துதான் வெள்ளைக் கல்லைச் சுட்டு ஊதிக்கொண்டிருந்தான். கல்கண்டை உடைத்தது போலத்தான் அது இருக்கும். அதை ஊதினால் தூக்கம் இல்லை, பசி இல்லை, பெண்டாட்டி பிள்ளை நினைப்பும் இல்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன், அவன் கண் குழி விழுந்து, பல் கருத்து, தாடை சும்மாவே அசை போட்டுக்கொண்டு, சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று என் தங்கச்சி பூங்கொடியை அரிவாளால் வெட்டப் போன அன்றைக்குத்தான் மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. மூளைப் படம் ஒன்றைக் காட்டி, என்னையும் பூங்கொடியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒரு ஊர்னா ஆயிரம் ரோடு இருக்கும், இல்லீங்களா? பசிக்கு ஒண்ணு, பிள்ளைகிட்டப் போக ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு. இவருக்கு எல்லா ரோடும் ஒரே எடத்துக்குப் போகுது. வேண்டாம்னு பிடிச்சு நிறுத்துற ரோடு மட்டும் அறுந்து கெடக்குது."

"மறுபடி ஒழுங்கா வந்துருமுங்களா?" என்று பூங்கொடி கேட்டாள்.

"வரும், மெதுவா. முழுசா வருமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆசை கெளம்பினா ஒரு இருபது நிமிஷம் உச்சத்துல நிக்கும், அப்புறம் தானா இறங்கும். அந்த இருபது நிமிஷம் யாராச்சும் பக்கத்துல இருங்க. புத்தி சொல்லாதீங்க. சும்மா இருங்க, போதும்."

டாக்டரம்மா சொன்னதை நாங்கள் இரண்டு பேர்தான் கேட்டோம் என்று நினைத்திருந்தேன். ஊரும் எங்கேயோ நின்று கேட்டிருக்கிறது.

கொட்டகைக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். முன்வாசலில் நுழைந்து கம்ப்ரசரைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் வெளியேறினால், அவரவர் போக வேண்டிய இடம் வந்துவிடும். ரேஷன் கடைக்குப் போகிறவளுக்குப் பின்வாசலில் ரேஷன் கடை, கோயிலுக்குப் போகிறவருக்குக் கோயில். முதல் நாள் ஊரே சென்னியப்பனைத் திட்டித் தீர்த்தது. இரண்டாம் நாள் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து பார்த்து, வரைபடப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரும் கொட்டகை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனார். மூன்றாம் நாள் அங்கண்ணன் தன் டீக்கடையைப் பாய்லரோடு தூக்கிவந்து கொட்டகை வாசலில் போட்டான். நாலாம் நாள் தலைமை ஆசிரியர் முதல் மணியை அரை மணி நேரம் தள்ளி அடிக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் கார், போனில் வழி சொல்கிற பெண் காட்டிய ரோட்டில் ஓடி, "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று அவள் சொன்னபோது கொட்டகைக்கு முன் நின்றது. சரி என்று அங்கேயே ஆரத்தி எடுத்து இறக்கினோம். செத்துப்போன ஒருவரைத் தூக்கிப் போனபோது, பாடையைக் கம்ப்ரசர் பக்கத்தில் இறக்கி வைத்து, தூக்கியவர்கள் ஒரு டீ குடித்துவிட்டுச் சுடுகாட்டுக்குப் போனார்கள். இதெல்லாம் வழக்கமாகிவிட்டது, யாரும் வியக்கவில்லை.

கொட்டகையைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நாலு பேர் யோசனை சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரத்தை எல்லாம் கழற்றி அடுக்கிவிட்டோம். ரோடுகள் அசையவில்லை. வெறும் பொட்டலில் கொண்டுவந்து விட்டன. நிழலுக்கு ஒரு தகரம் இல்லாமல் ஊரே வெயிலில் வறுபட்டு, புதன்கிழமை கழற்றியவர்களே வந்து, தலையில் அடித்துக்கொண்டு, திரும்ப மாட்டினார்கள்.

தபால் கொடுக்கிற வனிதாதான் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு நாளைக்கு நூறு வீடு ஏறி இறங்குகிறவள், ரோட்டின் நீளம் அவள் காலுக்குத் தெரியும். சென்னியப்பன் அமைதியாக இருக்கிற நாளில் கொட்டகைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிறது. அவனுக்கு ஆசை கிளம்பினால் ரோடு சுருங்கிவிடுகிறது. ரொம்ப முற்றிவிட்டால் வீட்டுப்படி இறங்கி மூன்றாவது எட்டில் கொட்டகை. அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் குடத்தோடு வாசலில் இறங்கி இரண்டு எட்டு வைத்துப் பார்த்து, "ஏனுங்க, இன்னைக்கு ரோடு ரொம்பக் கிட்டக்க இருக்குது, அந்தப் பையங்கூட யாராச்சும் போய் உக்காருங்க" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். யாராவது போவார்கள். கொட்டகையிலேயே தங்கிவிட்ட அவன், இடுக்குக்குள் போய்விடாமல், கூரையைத் தாங்குகிற முன்பக்கத்து இரும்புக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நாக்கு வறண்டு, சட்டை நனைந்து உட்கார்ந்திருப்பான். வந்தவர்கள் கடலைக்காய் உரிப்பார்கள். சீட்டு விளையாடுவார்கள். முடி வெட்டுகிறவர் ஒரு நாளில் அவனுக்கு இரண்டு தடவை முகம் வழித்துவிட்டார். "எவனோ தின்ன சனியனுக்கு நாங்க ஏண்டா நடக்கோணும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உட்காருவார்கள், ஆனால் இருபது நிமிஷம் எழுந்திருக்க மாட்டார்கள். பிறகு ரோடு மெல்ல நீளும், அவன் கை இரும்பை விடும், அவரவர் பின்வாசல் வழியாகத் தன் வேலைக்குப் போவார்கள்.

என்னால் மட்டும் போக முடியவில்லை.

முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தால் எனக்கு எதிரே மறுபடியும் முன்வாசல். வலப்பக்கம் திரும்பிப் போனாலும், கண்ணை மூடிக்கொண்டு போனாலும், அடுத்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு போனாலும், அவன் தன் வீட்டுக்குப் போய்விடுவான், நான் கொட்டகை முன்னால் நிற்பேன். யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்று சொல்லி, ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே படுத்துக்கொண்டேன். என் பெண்டாட்டி சோறு கொண்டுவந்து வைப்பாள். பகலும் ராவும் நான் சென்னியப்பன் பக்கத்திலேயே கிடப்பதைப் பார்த்து ஊர் உருகியது. இப்படி ஒரு மச்சான் எவனுக்குக் கிடைப்பான் என்றார்கள். மாரியம்மன் நோன்பித் திருவிழாவில் முதல் மரியாதை எனக்கு என்று முடிவு பண்ணி, மாலையும் பரிவட்டமும் கொட்டகைக்கே எடுத்துவந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்குப் போட்டார்கள். பூங்கொடி என் காலைத் தொட்டாள். "உன்னாலதாண்ணா அவரு உசுரோட இருக்காரு" என்றாள். அவர்கள் போனதும் அந்தச் சாமந்தி மாலையைக் கழற்றிக் கட்டில் காலில் மாட்டினேன்.

இனி அந்த டீயைச் சொல்லிவிடுகிறேன்.

ரிக்கில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி துளை போட்டுக்கொண்டிருக்கும்போது, அதை இயக்குகிற டிரில்லர் லிவரிலிருந்து கையை எடுக்கக் கூடாது. கண் ராடு மேல், காது உள்ளே அடிக்கிற ஹேமர் சத்தத்தின் மேல் இருக்க வேண்டும். சத்தம் மாறினால் மண் மாறுகிறது என்று அர்த்தம், ஒரு நொடி பிசகினால் அத்தனை ராடும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே காய்ச்சுகிற முதல் டம்ளர் டீ டிரில்லருக்கு, அதை அவன் கையில் கொடுப்பதில்லை, வாயில் வைத்து ஊட்ட வேண்டும். அவன் என்ன ஏது என்று பார்க்க மாட்டான். வாயைத் திறப்பான், குடிப்பான்.

சத்தீஸ்கர் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் எழுநூறு அடி இறங்கியிருந்தோம். இன்னொரு டிரில்லர் காமாலை கண்டு ஊருக்குப் போய்விட்டான். சென்னியப்பன் ஒற்றை ஆளாக இரண்டு நாள் நின்றுவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் நின்றபடியே கண் சொருகுகிறது. நான் வண்டி மேனேஜர். நிறுத்துங்கடா, அவன் ஆறு மணி நேரம் தூங்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். களிமண் இறுகி ராடு போயிருக்கும், முதலாளி என்னைக் கேட்டிருப்பார், அவ்வளவுதான் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. தாபாவில் ஒரு லாரி டிரைவர் தூக்கம் வராமல் இருக்க என்று கொடுத்த காகிதப் பொட்டலம் என் பையில் இருந்தது. அதில் ஒரு துண்டை டீயில் போட்டுக் கலக்கி, அவன் தலையைப் பின்னால் தாங்கிப் பிடித்து, "குடிங்க மாப்ள" என்று வாயில் வைத்தேன். பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான்.

அன்றைக்கு ஒன்று, மறுநாள் இரண்டு. தண்ணீர் பீறிட்டு வந்தது. வெள்ளைச் சகதி பூசிய முகத்தோடு சிரித்துக்கொண்டே, "மச்சா, உங்க கை டீயில என்னமோ இருக்குதுங்க" என்றான். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டுவிட்டேன், அவனும் இரண்டு நாள் தூங்கி எழுந்தான், முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு தாபாவில் லாரி கிளீனர் ஒருத்தன் அவனிடம் அதே கல்லை நீட்டியபோது நான் அங்கே இல்லை. அதுதான் முதல் தடவை என்று சென்னியப்பன் நம்பினான். மையத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தான்.

ரோடுகள் திரும்பி ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூங்கொடி துணிமணிகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறு வயது மிதுனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயமுத்தூருக்குப் பஸ் ஏறக் கிளம்பினாள். அங்கே ஒரு பஞ்சு மில்லில் வேலை பேசியிருந்தாள். அதற்கு முந்தின நாள் சென்னியப்பன் இடுக்குக்குள் போய்விட்டான். பழைய தகரத்துக்கு அடியில் ஒரு துணுக்குக் கல் கிடைத்திருக்கிறது. யாராவது பார்த்துப் பிடுங்குவதற்கு முன்னால் பாதியை ஊதிவிட்டான். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அதற்கு மேல் முடியாது என்றாள். அவளையும் ரோடு கொட்டகைக்குத்தான் கொண்டுவந்தது. முன்வாசலில் நுழைந்தாள். அங்கண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான், வனிதா கட்டுத் தபாலோடு உட்கார்ந்திருந்தாள், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். சென்னியப்பன் இரும்புக் காலைப் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

"போ கண்ணு. நீ போறதுதான் சரி. பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிரு."

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க? ஏழு மாசமுங்க. ஊரே உங்களச் சுத்தி உக்காந்திருந்துச்சே."

"தப்பு என்னுதுதான். எவனும் என்ற வாயில ஊத்தல. நானாத்தான் தேடிப் போயித் தின்னேன்."

அவள் பையை எடுத்தாள். பின்வாசல் பக்கம் மூன்று எட்டு வைத்தாள். அந்த வாசலுக்கு வெளியே அவளுக்குப் பஸ் ஸ்டாப் தெரிந்தது. எனக்கு அதே வாசலில் கொட்டகைதான் தெரிந்தது. எவனும் வாயில் ஊற்றவில்லை என்று அவன் சொன்ன சொல் என் காதில் ஹேமர் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் ஊத்துனேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. கட்டிலை விட்டு எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன். பொட்டல் காடு, காமாலை, எழுநூறு அடி, பொட்டலம், டம்ளர், தலையைத் தாங்கிப் பிடித்தது, குடிங்க மாப்ள என்றது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அங்கண்ணன் கையில் டீ ஆறிப்போனது. மிதுனா மட்டும் டயர் மேல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன்தான் முதலில் கேட்டான்.

"எத்தன டீங்க, மச்சா?"

"மூணு."

"அப்ப தாபாவுல நான் வாங்குனது..."

"நாலாவதுங்க மாப்ள."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட நான் ஒண்ணு கேட்டனுங்க" என்றான் மெதுவாக. "மொதத் தடவ ஊதுனப்பவே அது எனக்கு எப்படிங்க பழகுன மாதிரி இருந்துச்சு, பொறந்ததுல இருந்தே என்ற ஒடம்புக்குள்ள இந்தச் சாக்கடை ஓடுதுங்களான்னு. அவங்களுக்கும் தெரியல. இத்தன வருசமா நான் அப்படித்தானுங்க நெனச்சிட்டிருந்தேன். நான் பொறந்ததே அப்படித்தான்னு."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். நான் கை நீட்டவில்லை. எந்தக் கையை நீட்டுவது? அழுது முடித்து, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியாரிடம் ஒப்பிக்கிற பையன் மாதிரிச் சொன்னான்: "சரிங்க. மூணு உங்களுது. நாலாவதுல இருந்து என்னுது."

பூங்கொடி என் முன்னால் வந்து நின்றாள். கட்டில் கால் ஓரத்தில் நோன்பி மாலை காய்ந்து, நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

"இத எப்படிண்ணா கழுத்துல வாங்குன?" என்றாள்.

அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு அவள் பஸ் ஏறவில்லை, பையையும் அவிழ்க்கவில்லை. சென்னியப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்வாசல் வழியாக வெளியே நடந்தேன். எதிரே என் வீடு இருந்தது. முருங்கை மரம், கம்பிக் கதவு, கொடியில் என் பெண்டாட்டியின் சேலை, எல்லாம் ஏழு மாதத்துக்கு முன்னால் விட்டுப் போனபடியே இருந்தன. கதவில் கை வைத்தேன். உள்ளே போகலாம், படுக்கலாம், தூங்கலாம். வழி விட்டாகிவிட்டது. அதைத்தான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

திரும்பி நடந்தேன். தெற்கு வீதி தாண்டி, தண்ணித் தொட்டி தாண்டி, பொறுமையாக அரை மைல் நடக்க வேண்டியிருந்தது. எந்த ரோடும் என்னை இழுக்கவில்லை. ஓர் இடத்தில் தடம் பிரிகிறது, இடப்பக்கம் போனால் கோயில், நேராகப் போனால் பஸ் ஸ்டாப். நான்தான் பார்த்துக் கொட்டகைப் பக்கம் திரும்பினேன்.

கொட்டகையில் அங்கண்ணன் புதிதாகப் போட்ட டீயை என்னிடம் நீட்டினான். பழக்கத்தில் நான் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னியப்பன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பழக்கத்தில் இடக்கையை அவன் பிடரிக்குக் கொண்டுபோனேன். அவன் தலையை நகர்த்திக்கொண்டான். இரும்புக் காலைப் பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் ஏந்தினான்.

"கையில குடுங்க, மச்சா."